கேட்டவருக்குக் கிடையாது

மேலாளர் பயிற்சிக்குப் போகும்போது நல்ல மனிதராகத்தான் போனார். அந்த மதரஸாவில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சத்தியம் செய்து சொல்வார்கள். திரும்பி வந்தபோதுதான் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் அவர் படம். படத்துக்குக் கீழே 'இஸ்லாமிய நெறிப்படி ஊழியர் மேலாண்மை' என்ற எழுத்து. அந்த அட்டையை அவர் கழற்றவே இல்லை. தொழுகைக்குக் கை கால் கழுவும்போது முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வார். கழுவி முடித்ததும் முன்னால் இழுத்து நேராக்கிக்கொள்வார்.

பிள்ளைகள் அங்கேயே தங்கி ஓதுகிற மதரஸா அது. கீழே வகுப்பறைகள், மேலே படுக்கை அறைகள், பின்பக்கம் சமையல்கட்டு, அதை ஒட்டி நீளமான சாப்பாட்டுக் கூடம். மேலாளர் முன்பு தரைக்குப் பதிக்கிற டைல்ஸ் வியாபாரம் செய்தவர். எல்லாம் ஒரே மட்டமாக, இடைவெளி இல்லாமல், அசையாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. டைல்ஸ் அப்படி இருந்தது. மனிதர்கள்தான் அசைந்துகொண்டே இருந்தார்கள்.

வந்த மறுநாளே சாப்பாட்டுக் கூடத்தில் ஊழியர் கூட்டம் போட்டார். ஆசிரியர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். தலைமை ஆசிரியரான பெரிய ஹஜ்ரத் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காவலாளி வாசல் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றார். சமையல்காரர் ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி கடைசியாக வந்தார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. எந்நேரமும் கையில் அகப்பையோடு இருப்பதால் அவர் அகப்பையார்.

"சகோதரர்களே!" என்று தொடங்கினார் மேலாளர். "இன்று முதல் இந்த நிறுவனத்தில் முதலாளி கிடையாது, தொழிலாளி கிடையாது. நாம் எல்லோரும் சகோதரர்கள்."

எல்லோருக்கும் சந்தோஷம். காவலாளி மட்டும் கையைத் தூக்கினார். "அப்ப சார், எங்களுக்கு வார லீவு?"

"சகோதரருக்குச் சகோதரர் லீவு விடுவாரா? உங்கள் சொந்தத் தம்பிக்கு நீங்கள் என்றைக்காவது லீவு கொடுத்திருக்கிறீர்களா?"

காவலாளி யோசித்துப் பார்த்தார். கொடுத்ததில்லைதான்.

"அடுத்தது பாராட்டு. இதுவரை உங்களில் ஒருவரையும் நான் பாராட்டியதில்லை. அது தெரியாமல் செய்தது. இனி தெரிந்தே பாராட்ட மாட்டேன். தூய மனதோடு செய்த வேலைக்குக் கூலி இறைவனிடம் இருக்கிறது. நான் இங்கே 'குழம்பு நன்றாக இருக்கிறது' என்று சொல்லித் தொலைத்தால் அங்கே உங்கள் பங்கு குறைந்துவிடும். உங்கள் மறுமையை என் நாக்கால் கெடுக்க எனக்கு மனமில்லை."

இவ்வளவு அக்கறையை அகப்பையார் எங்கேயும் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

"கடைசியாக முக்கியமான விஷயம். பதவியைக் கேட்டு வருகிறவருக்குப் பதவி தரக் கூடாது என்று மார்க்கத்தில் வழிகாட்டல் இருக்கிறது. பயிற்சியில் சொன்னார்கள். சொன்னதோடு விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். பதவிக்கே இப்படி என்றால் மற்றதற்கு எப்படி? கேட்பவர் யார்? ஆசைப்படுபவர். ஆசைப்படுபவரை நம்பி ஒரு பொருளை ஒப்படைக்கலாமா? கூடாது. ஆகவே இனி இங்கே கேட்டவருக்குக் கிடையாது. கேட்காதவருக்கே கிடைக்கும்."

பெரிய ஹஜ்ரத் இதைக் கேட்டு நாற்காலியில் நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். "ஹஜ்ரத், பிள்ளைகளுக்கும் இதே விதிதான். வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பதில் கிடையாது."

பெரிய ஹஜ்ரத் தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவர். திறந்த வாயை மெல்ல மூடினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே அகப்பையார் அலுவலக அறைக்குப் போனார். மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர், நல்ல பையன். அவருடைய அம்மாதான் வீடு தேடி வந்து பெண் கேட்டார். மாதக் கடைசி ஞாயிறு என்று நாளும் குறித்தாகிவிட்டது. நிக்காஹில் பெண்ணைக் கொடுக்கிற பொறுப்பு தகப்பனுக்கு. தகப்பன் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அகப்பையார் இந்த ஒரு வார்த்தையைச் சைக்கிள் மிதிக்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

"சார், பொண்ணுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன். கடைசி ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு குடுத்தீங்கன்னா..."

மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். உண்மையாகவே மனம் நொந்துபோனார். "அவசரப்பட்டுவிட்டீர்களே சகோதரரே! நாளைக்கு நானாகவே கூப்பிட்டு ஒரு வாரம் கொடுக்கலாம் என்று இருந்தேனே!"

"அப்படின்னா குடுத்துடுங்க சார்."

"பாருங்கள், இரண்டாவது தடவையும் கேட்டுவிட்டீர்கள்."

"பொண்ணைக் குடுக்க வேண்டிய ஆளு நான் சார். நான் இல்லாம எப்படி?"

"உங்கள் சார்பில் இன்னொருவரை நியமிக்கலாம். ஃபோனிலேயே சொல்லிவிடலாம். நம் மார்க்கம் இலகுவானது."

"மார்க்கம் இலகுவாத்தான் சார் இருக்கு" என்றார் அகப்பையார். மீதியைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் மதியப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுபடி உலை வைப்பதற்கு முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி புடவைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினார்.

"பேசாம வந்துடுங்க. அந்த மனுசன் என்ன செஞ்சிடுவாரு?"

"அவரு கெடக்காரு. அடுப்பை யாரு பார்ப்பா? அத்தனை பிள்ளைங்க தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கும்."

"அன்னைக்கு ஒரு நாளைக்கு வேற ஆளு வைக்கச் சொல்லுங்க."

"சொல்றதுன்னா கேட்கறதுதானே?"

உள்ளேயிருந்து மகள் குரல் வந்தது. "உம்மா, வாப்பாகிட்டச் சொல்லிடுங்க. வாப்பா வரலன்னா என்கிட்ட வந்து சம்மதமான்னு ஒருத்தரும் கேட்க வேணாம். இல்லன்னு சொல்லிடுவேன்."

"கேட்டீங்களா?" என்றார் மனைவி.

"கேட்டதுதான் தப்பாப்போச்சு" என்றார் அகப்பையார்.

விதி மளமளவென்று வேலை செய்தது. ஓர் ஆசிரியர் சாக்பீஸ் கேட்டார். கிடைக்கவில்லை. கரும்பலகையில் ஈர விரலால் எழுதிப் பாடம் நடத்தினார். காய்வதற்குள் பிள்ளைகள் படிக்க வேண்டியிருந்ததால், வேகமாகப் படிக்கும் திறன் வளர்ந்திருப்பதாக மேலாளர் கண்டுபிடித்தார். காவலாளி டார்ச் விளக்குக்கு பேட்டரி கேட்டார். கிடைக்கவில்லை. எரியாத டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்து "யாரது?" என்று கேட்டார். இருட்டும் அவருக்குப் பதில் கொடுக்கவில்லை.

வேறு சமையல்காரர் கிடைப்பாரா என்று அகப்பையார் ஏங்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். காவலாளி முகம் மலர்ந்து எழுந்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"சமையல் வேலை ஏதாவது இருக்குமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு..."

"போச்சு" என்றார் காவலாளி. "இன்னொரு தடவை வாங்க. இந்தத் தடவை வந்து, எனக்கு வேலை வேணாம்னு சொல்லுங்க."

"வேலை வேணாம்னா நான் எதுக்குய்யா பஸ் ஏறி வந்தேன்?" என்று அந்த மனிதர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து அகப்பையார் அந்தப் பை தெருமுனையில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

காவலாளிதான் பிறகு யோசனை சொன்னார். "அண்ணே, நீங்க நேராப் போனீங்க. அதான் முட்டிக்கிச்சு. இப்ப சுத்திப் போங்க. லீவே வேணாம்னு சொல்லுங்க. நாலு தடவை சொல்லுங்க. அவரே கூப்பிட்டுக் குடுப்பாரு."

அகப்பையாருக்கும் அது சரியாகப் பட்டது. அலுவலக வாசலில் போய் நின்றார். "சார், எனக்கு லீவு வேணாம்."

மேலாளரின் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தார். "இதைத்தான் சகோதரரே நான் எதிர்பார்த்தேன். ஆசை அறுந்துவிட்டது! இப்படிப்பட்டவரை அடுப்படியில் வைத்திருப்பது அநியாயம். இன்றிலிருந்து நீங்கள் உணவுப் பொறுப்பாளர்."

"ஐயோ, வேணாம் சார்!"

"பார்த்தீர்களா? பதவியும் வேண்டாம் என்கிறார். அப்படியானால் விடுதிக் காப்பாளரும் நீங்கள்தான்."

"சார், சத்தியமாச் சொல்றேன், எனக்கு ஒண்ணும் வேணாம். எனக்கு வேண்டியதெல்லாம்..." என்று வந்ததை நல்லவேளையாக நாக்கைக் கடித்து நிறுத்தினார்.

நிறுத்தியதை மேலாளர் பார்த்தார். நாவடக்கம் என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டார். அகப்பையார் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது ஊழியர் நலப் பொறுப்பாளராகவும் ஆகியிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் புது அட்டை. அட்டை அன்றைக்கே பருப்புக்குள் முங்கி மஞ்சளாகிவிட்டது. வேலை என்னவோ பழைய வேலைதான். வெங்காயத்தை இப்போது மூன்று பதவியில் இருந்துகொண்டு உரித்தார்.

இதைப் பார்த்த ஆசிரியர்களுக்கு வயிறு எரிந்தது. துணை முதல்வர் பதவி நெடுநாளாகக் காலியாக இருந்தது. அதற்கு நேர்காணல் நடந்தது. மூன்று ஆசிரியர்கள் வந்தார்கள். முதலாமவர் "எனக்குத் தகுதி இல்லை" என்றார். இரண்டாமவர் "அவரை விட எனக்குத் தகுதி இல்லை" என்றார். மூன்றாமவர் அழுதே விட்டார். "என்னை விட்டுடுங்க, நான் எதுக்குமே லாயக்கில்லாதவன்" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு கேவினார். மேலாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு வேண்டாம் என்கிறவர் உள்ளுக்குள் எவ்வளவு வேண்டும் என்று நினைப்பார்? மூவரையும் அனுப்பிவிட்டு, அந்த நேர்காணலுக்கே வராத கணக்கு வாத்தியாரைத் தேர்ந்தெடுத்தார். கணக்கு வாத்தியார் போன வருடமே வேலையை விட்டுப் போனவர் என்பது பிறகுதான் தெரிந்தது. "இதைவிடப் பற்றற்றவர் கிடைப்பாரா?" என்று மேலாளர் நியமனத்தை உறுதி செய்துவிட்டார்.

அரிசி மண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். மதரஸாவுக்கு வருடாவருடம் மூட்டை மூட்டையாக அரிசி தருகிறவர். "இந்தத் தடவை எவ்வளவு வேணும், சொல்லுங்க" என்றார் அன்பாக. மேலாளர் நெஞ்சில் கை வைத்தார். "எங்களுக்கு எதுவும் வேண்டாம்."

"அட, அப்படியா? ரொம்பச் சந்தோஷம். நல்லா நடத்தறீங்க" என்று அவர் கைகொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மேலாளர் வாசலிலேயே நின்றார். "வேண்டாம் என்றோம் அல்லவா? இப்போது திரும்பி வருவார் பாருங்கள்" என்றார். அகப்பையார் சமையல்கட்டுக்குள் போய் அரிசி டிரம்முக்குள் கையை விட்டார். கை அடியைத் தொட்டது. அன்றிலிருந்து உலையில் தண்ணீரைக் கூட்டினார்.

ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. அகப்பையாருக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் மேலாளரே சமையல்கட்டுப் பக்கம் வந்தார். "சகோதரரே, ஊழியர் நலப் பொறுப்பாளர் நீங்கள்தானே? லீவு கொடுக்கிற அதிகாரமே உங்கள் கையில் இருக்கிறது, தெரியுமா?"

அகப்பையாருக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்ப நான் எனக்கே குடுத்துக்கறேன் சார்."

"உங்களிடம் நீங்களே கேட்டால் அதுவும் கேட்டதுதானே?"

"நான் மனசுக்குள்ளகூடக் கேட்காம குடுத்துக்கறேன் சார்."

மேலாளர் அதை நியாயமாகவே பரிசீலித்தார். பாத்திரம் துலக்குகிற கல்லில் உட்கார்ந்து யோசித்தார். "முடியாது. நீங்கள் முன்னால் என்னிடம் கேட்டது உங்களுக்குத் தெரியும். கேட்டவர் என்று தெரிந்துகொண்டே பொறுப்பாளர் லீவு கொடுப்பது அநீதி. உங்கள் மேல் நீங்களே நடவடிக்கை எடுக்க வேண்டிவரும்." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "இருந்தாலும் மஷூரா இருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்து கலந்து பேசுவோம்."

வெள்ளிக்கிழமை மஷூரா கூடியது. எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் முதலில் வாயைத் திறந்தாலும் அவர் அகப்பையாருக்காகக் கேட்டவர் ஆகிவிடுவார். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆசிரியர் இருமினார். மேலாளர் அவரைக் கூர்ந்து பார்த்தார். "சாதா இருமல்தான்" என்று அவர் அவசரமாகச் சொன்னார். பெரிய ஹஜ்ரத் நிம்மதியாகக் குறட்டை விட்டார். தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் கேட்டதும் மேலாளர் எழுந்தார்.

"மஷூரா ஒருமனதாக முடிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இறைவனுக்கே புகழ்."

அகப்பையார் வீட்டுக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே மனைவி புரிந்துகொண்டார். பிறகு எழுந்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஃபோன் போட்டார்.

"சம்பந்தி, நிக்காஹ் எடம் மாறியிருக்கு. ஆமாங்க, மண்டபம் இல்ல. மதரஸா. நல்ல எடம்தான்... எடத்துக்கு என்ன வந்துச்சு, நல்ல எடம்தான்." வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க வர வேணாங்க. நாங்க வர்றோம். அரிசியும் கறியும் காயும் நான் காலையில அனுப்பறேன். பிள்ளைங்களுக்கும் சேர்த்தே உலை வைங்க."

ஞாயிற்றுக்கிழமை வாடகை பஸ் ஒன்று மதரஸா வாசலில் நின்றது. பெண், மாப்பிள்ளை, இரண்டு பக்கத்துச் சொந்தம் எல்லாம் இறங்கியது. காவலாளி எழுந்து நின்றார். "எல்லாரும் என்ன விஷயமா வந்தீங்க?"

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்றார் அகப்பையார் மனைவி.

காவலாளி இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்தார்கள். பெண்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்தார்கள், கதவு பாதி திறந்திருந்தது. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். சமையல்கட்டில் கறி கொதிக்கிற மணம் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. அகப்பையார் கையைக் கழுவிக்கொண்டு, வியர்வைச் சட்டையோடு அப்படியே வந்து மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார். மேலாளர் ஓடி வந்தார். விஷயத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு அட்டையை நேராக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"சகோதரர்களே! ஊழியரைக் குடும்பத்தோடு அரவணைப்பது நம் நிறுவனத்தின் நெறி. ஊழியர் வீட்டுக்குப் போக முடியாவிட்டால், வீடு ஊழியரிடம் வரும். இப்படி ஒரு திட்டம் எங்காவது உண்டா? இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. தானாக நடந்தது. அதுதான் இதன் அழகு."

பெரிய ஹஜ்ரத் நிக்காஹை ஆரம்பிக்கப் போனார். அதற்குள் மேலாளருக்கு ஒரு யோசனை தட்டியது. "ஒரு நிமிடம். இந்தப் பெண்ணை இவருக்குக் கொடுக்க எப்படி முடிவானது?"

"நாங்க போய்க் கேட்டோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, வெள்ளந்தியாக.

காவலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டீர்களா?" மேலாளர் குரல் தாழ்ந்தது. "ஒரு குச்சி சாக்பீஸையே கேட்டவருக்குக் கொடுக்காத இடம் இது. ஒரு பெண்ணை எப்படி..."

மாப்பிள்ளை மிரண்டுபோனார். "கேட்கலன்னா எப்படி சார் தெரியும்? லிஃப்ட் வேணும்னா பட்டனை அழுத்தணும் சார். சும்மா நின்னா அது வராது."

"ஹஜ்ரத்!" என்றார் அகப்பையார் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து. "நீங்க ஓதினவங்க. நீங்க சொல்லுங்க, இது சரியா?"

பெரிய ஹஜ்ரத் மேலாளரைப் பார்த்தார். "கேட்டுட்டாங்களே, பதில் சொல்லலாமா?"

"இன்று ஒரு நாள் சொல்லுங்கள்."

"அது ஆளுற பதவிக்குச் சொன்னது. சாக்பீஸுக்கோ, லீவுக்கோ, பொண்ணுக்கோ சொன்னதில்ல."

"இதை ஏன் ஹஜ்ரத் முன்னாடியே சொல்லல?" என்றார் அகப்பையார். கத்தவில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"யாரும் கேட்கல" என்றார் பெரிய ஹஜ்ரத். பிறகு தாடியைத் தடவியபடி, "நானும் நல்லாத் தூங்கிட்டேன். பொய் சொல்லக் கூடாது" என்றார்.

மேலாளர் கையை உயர்த்தினார். "ஹஜ்ரத் சொன்னது கேட்டதனால் வந்த பதில். ஏற்பதற்கில்லை."

அகப்பையாருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மகள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் இவருக்கும் நடுவில் பாதி திறந்த கதவு ஒன்றுதான். எழுந்து ஏதாவது செய்துவிடுவோமோ என்று தன் கைகளுக்கே பயந்து, இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அப்போது காவலாளி குனிந்து மாப்பிள்ளையின் காதில் என்னவோ சொன்னார். மாப்பிள்ளை "அய்யோ" என்றார். காவலாளி மறுபடியும் சொன்னார். மாப்பிள்ளை மேலாளர் பக்கம் திரும்பினார்.

"சார், எனக்குப் பொண்ணு வேணாம்."

"என்னது?" என்று உள்ளேயிருந்து மணப்பெண் கத்தினாள்.

"சும்மா இருடி, நல்லதுக்குத்தான்" என்று உம்மா அவளை அமுக்கினார்.

மேலாளர் பூரித்துப்போனார். "கேட்டீர்களா வார்த்தையை! கொடுங்கள்! இவருக்கே கொடுங்கள்! இவரைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது!"

ஏற்றுக்கொள்வது கேட்பதாகாது என்பதையும் அவர் சிறிது யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். உள்ளே போய் மகளிடம் சம்மதம் வாங்கி வந்தார்கள். சம்மதத்தோடு, மாப்பிள்ளைக்கு ஒரு திட்டும் வந்து சேர்ந்தது. பெரிய ஹஜ்ரத் அகப்பையாரைப் பார்த்தார். அவ்வளவு நாள் வாய்க்குள் சொல்லிப் பழகிய வார்த்தை வெளியே வர வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரு தடவை செருமினார்.

"குடுத்தேன்" என்றார் அகப்பையார்.

"ஏத்துக்கிட்டேன்" என்றார் மாப்பிள்ளை, மேலாளரை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

ஹஜ்ரத் துஆ ஓதிப் பிரார்த்தித்து முடித்ததும் மேலாளருக்கு மனம் நிறைந்துவிட்டது. மறுபடியும் எழுந்தார். "இந்த நல்ல நேரத்தில் ஓர் அறிவிப்பு. நம் அகப்பையார் சில நாட்களாக எதையுமே கேட்கவில்லை. நானும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே, கேட்காமலே, இந்த நிமிடத்திலிருந்து அவருக்கு ஒரு நாள் லீவு!"

எல்லோரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அகப்பையார் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மடித்துப் பக்கத்தில் வைத்தார். மகள் கதவோரம் வந்து நின்றாள். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக, வெங்காய வாசனையோடு இருந்தது.

தட்டுகள் வைத்தாகிவிட்டது. தண்ணீர் வைத்தாகிவிட்டது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாப்பாடு வரவில்லை.

பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள். விருந்தாளிகள் பிள்ளைகளைப் பார்த்தார்கள். சமையல்கட்டில் பெரிய பாத்திரத்தின் மூடி ஆவியில் எழுந்து எழுந்து டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த இடத்தில் கேட்டால் கிடைக்காது என்று வந்த விருந்தாளிகளுக்குக்கூட அதற்குள் தெரிந்திருந்தது. மேலாளர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலையில் பரபரப்பில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் வயிறு ஒரு முறை சத்தம் போட்டது. பக்கத்திலிருந்த பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

மேலாளர் கூரையைப் பார்த்துப் பேசினார். "நான் கேட்கவில்லை. பொதுவாக ஒரு தகவலுக்காகத்தான். கறி... வெந்திருக்குமோ?"

"அது தகவலா, கேட்கறதா?" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து அகப்பையார் மனைவியின் குரல்.

மூடி டக் டக்கென்று தட்டியது. மேலாளர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார்.

"கேட்கறதுதாம்மா" என்றார். முதல் தடவையாக அவர் பேச்சு எழுத்து நடையில் இல்லாமல் வாயிலிருந்து வந்தது. "பசிக்குது. சோறு போடுங்க அகப்பையாரே."

கூடமே அகப்பையாரைத் திரும்பிப் பார்த்தது. பழக்கத்தில் அவர் முழங்காலில் கையூன்றி எழப்போனார். மகள் கையை விடவில்லை. அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு மேலாளரைப் பார்த்தார்.

"லீவுல இருக்கேன் சார்."

மேலாளர் எழுந்தார். சமையல்கட்டுக்குள் போனார். உள்ளே எதுவோ விழுந்து உருண்டது. அட்டையை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். பிள்ளைகள் பக்கமிருந்து ஆரம்பித்துக் கொட்டினார், இறைத்தார், ஒருவர் தட்டில் மலையாகவும் அடுத்தவர் தட்டில் ஒரு பருக்கையாகவும் போட்டார். கடைசியில் மணமக்களுக்கும் அகப்பையாருக்கும் வந்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அகப்பையார் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். அந்தக் கூடத்தில் வேறொருவர் போட்டு அவர் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, நகரப்போன மேலாளரைத் தடுத்துத் தட்டை முன்னால் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க சார்."

மேலாளர் ஒரு நொடி நின்றார். பிறகு போட்டார்.